அப்பா சொல்லாத அந்த போன் கால்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. கும்பகோணத்தில் அந்த வீட்டு ஹாலில் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டே, அவர் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் ஸ்விட்சைப் போட்டார். சி.பி.யூ.வின் பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கீழே வலது மூலையில் இருந்த தேதியைத் திருத்தியதுதான். 2020 ஜனவரி 1 என்று காட்டியதை, காலண்டர் தாளைப் பார்த்துப் பார்த்து அன்றைய தேதிக்கு மாற்றினார்.

முதல் நாள் இரவு சென்னையில் பஸ் ஏறி விடியற்காலையில் வந்திருந்த மகள், காபி டம்ளரோடு பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"தேதி மாத்தறேம்மா. இல்லேன்னா நெட் வராது."

"தினமுமா?"

"தினமும்தான். காலண்டர் கிழிக்கிற மாதிரி இதுவும் ஒரு வேலை."

"இப்படி மாத்தணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு எதுவும் இல்லை.

அவர் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 ஆண்டுகள் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுக்கட்டாக நோட்டு எண்ணும்போது நடுவில் ஒரு கள்ள நோட்டு இருந்தால், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும் என்று பெருமையாகச் சொல்வார். சொன்ன கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை மகள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் முழுதாகத் தயாராகவே ஆறு நிமிடம் ஆனது. ப்ரவுசரைத் திறந்தால், பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் முதலில் வந்தது. திரையின் ஓரத்தில், 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. மூடினால் இன்னொன்று வந்தது. கீழே ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் சின்னங்கள். ஒன்று, வீட்டில் எப்போதும் இருப்பது. இன்னொன்றை அவள் பார்த்ததே இல்லை.

தேதி வாரியாக ஒரு பட்டியல்

கம்ப்யூட்டரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். வேண்டாத விருந்தாளிகள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருவார்கள். ஒரே தேதியில் நாலைந்து புதிய பெயர்கள் இருந்தால், அந்த நாளில்தான் கதவு திறந்திருக்கிறது.

மகள் அதைத்தான் செய்தாள். பட்டியலின் மேலே ஐந்து பெயர்கள், ஐந்துக்கும் ஒரே தேதி. 18 நாட்களுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. ஒரு 'வேகம் கூட்டும்' மென்பொருள், ஒரு கூப்பன் டூல்பார், ஒரு பி.டி.எஃப். மாற்றி, அந்தப் புதிய ஆன்டிவைரஸ். ஐந்தாவது, வேறொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் செயலி. அவளுடைய அலுவலகத்திலேயே இப்படி ஒன்றைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். செயலி கெட்டதல்ல. அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"அப்பா, இது எப்படி வந்துச்சு?"

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லிடாத."

நடந்தது இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றே வந்தது. ஆன்டிவைரஸ் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறி, 'அப்டேட் செய்ய முடியவில்லை, உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை' என்றது. சந்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. பயந்துபோனவர், ஸ்மார்ட்போனில் அந்த ஆன்டிவைரஸின் பெயரைப் போட்டு, கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடினார். முதலில் வந்த எண்ணுக்கு போன் போட்டார்.

எடுத்தவன் மரியாதையாகப் பேசினான். நல்ல தமிழ். "சார், ஸ்கிரீன்ல கீழ தேதி என்ன காட்டுது பாருங்க" என்று கேட்டான். 2020 என்று இருந்தது. "அதை இன்னைக்குத் தேதிக்கு மாத்துங்க சார்" என்றான். மாற்றியதும் எல்லாப் பக்கமும் திறந்தன. ஆன்டிவைரஸும் பச்சைக்கு வந்துவிட்டது.

"அவன் சொன்னது சரியா இருந்துச்சும்மா. அதனாலதான் நம்பினேன்" என்றார் அவர்.

மோசடிக்காரன் முதலில் சொன்னது உண்மையான வைத்தியம்தான். அந்த ஒரு உண்மையை வைத்து மற்ற எல்லாப் பொய்களையும் விற்றுவிட்டான். "ஏன் தேதி மாறுச்சுன்னு செக் பண்ணணும் சார், ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க" என்றான். போட்டதும் மவுஸ் தானாக நகர்ந்தது. ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டி, "இவ்வளவும் வைரஸ் சார்" என்றான்.

அந்த ஜன்னலின் பெயர் 'ஈவென்ட் வியூவர்'. கம்ப்யூட்டரில் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களை எல்லாம் விண்டோஸ் எழுதிவைக்கும் பேரேடு அது. எந்த நோயும் இல்லாத, நேற்று வாங்கிய கம்ப்யூட்டரில் திறந்தாலும் சிவப்பும் மஞ்சளுமாகச் சில குறிகள் இருக்கத்தான் செய்யும். அதைக் காட்டிப் பயமுறுத்துவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

பிறகு 'ஒரு வருட முழுப் பாதுகாப்பு' என்று சொல்லி 4,720 ரூபாய் கேட்டான். அவர் டெபிட் கார்டின் எண்ணை அதே கம்ப்யூட்டரில் தட்டினார். பீரோவின் மேலிருந்த பட்டன் போனில் ஓ.டி.பி. வந்தது. அதையும் தட்டினார். மறுநாள் காலையில் தேதி திரும்பவும் 2020 ஆகியிருந்தது. அந்த எண்ணுக்கு போட்டால் யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஆயுசு முழுக்க அடுத்தவங்க காசை எண்ணி, ஒரு ரூபா தப்பாம கணக்கு ஒப்படைச்சவன் நான். எவனோ ஒருத்தன்கிட்ட ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

மகள் தன் போனை எடுத்து, அந்தச் செவ்வாய்க்கிழமையின் வாட்ஸ்அப்பைத் தேடினாள். காலை 10:41க்கு அப்பாவின் அழைப்பு, எடுக்கவில்லை. 10:44க்கு இன்னொன்று. அதற்குக் கீழே அவள் அனுப்பிய பதில்: 'மீட்டிங். அப்புறம் பேசறேன்.' அப்புறம் இரவில் பேசியபோது, காலையில் எதற்குக் கூப்பிட்டார் என்று அவள் கேட்கவே இல்லை.

அந்தச் செயலி நிறுவப்பட்ட நேரம் 11:02. அவளுக்குப் போட்ட இரண்டாவது அழைப்புக்குப் பதினெட்டு நிமிடம் கழித்து.

முதலில் ஒயரைக் கழற்று

"சரிப்பா, இப்ப அதைப் பத்திப் பேச வேணாம். மொதல்ல நெட் ஒயரைக் கழட்டுங்க" என்றாள் மகள்.

பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கோபத்தில் எல்லாவற்றையும் உடனே அழித்துவிடுகிறார்கள். திருடன் வந்துபோன வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கிக் கழுவுவது மாதிரி ஆகிவிடும். முதல் வேலை, இணைய இணைப்பைத் துண்டிப்பது. அடுத்தது, தடயங்களை எடுத்து வைப்பது. மகள் தன் போனில் வரிசையாகப் படம் எடுத்தாள்: ஐந்து பெயர்களும் தேதியும் உள்ள பட்டியல், பணம் போன விவரம், அப்பா அழைத்த அந்த எண்.

இப்படிப்பட்ட தொலை இயக்கச் செயலிகள், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும். செயலியை நீக்குவதற்கு முன்பு அவள் அதைத் திறந்து பார்த்தாள். இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, செவ்வாய்க்கிழமை. இரண்டாவது வரி, அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம் 2:17 முதல் 2:43 வரை.

"வியாழக்கிழமை திரும்பப் பேசினீங்களா?"

"இல்லையே. மத்தியானம் அந்த நேரத்துல நான் தூங்கிட்டு இருப்பேன். கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடிட்டு இருந்திருக்கும்."

அவர் ஈஸிசேரில் கண் அசந்திருந்த 26 நிமிடம், யாரோ ஒருவன் இந்த ஹாலுக்குள் இருந்திருக்கிறான். ப்ரவுசரின் வரலாற்றில் அவன் எங்கெங்கே போனான் என்பது தெரிந்தது. 2:21க்கு வங்கியின் நெட் பேங்கிங் பக்கம். பிறகு அவருடைய மின்னஞ்சல்.

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. அந்த வங்கியில்தான் ஓய்வுபெற்றபோது வந்த பணம் 7 லட்சம் ரூபாய் டெபாசிட்டாக இருந்தது. டெபாசிட்டை நெட் பேங்கிங் வழியாகவே முறித்துக் கணக்குக்குக் கொண்டுவர முடியும்.

மகள் தன் மடிக்கணினியைத் திறந்து, தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாள். கெட்டுப்போன கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றக் கூடாது. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்து அனுப்பும் உளவு மென்பொருள் அதில் இருந்தால், புதிய பாஸ்வேர்டையும் நாமே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும். கணக்கைத் திறந்தார்கள். டெபாசிட் அப்படியே இருந்தது. சேமிப்புக் கணக்கிலும் அந்த 4,720 தவிர வேறெதுவும் போகவில்லை.

காப்பாற்றியது அவருடைய பழைய பழக்கங்கள்தான். பாஸ்வேர்டை ப்ரவுசர் 'சேமிக்கவா?' என்று கேட்டபோதெல்லாம் அவர் வேண்டாம் என்றே அழுத்தியிருக்கிறார். அது பீரோவுக்குள் ஒரு நோட்டில், பேனாவால் எழுதப்பட்டிருந்தது. ஓ.டி.பி. வரும் எண் இருந்தது கம்ப்யூட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பட்டன் போனில். இரவெல்லாம் கம்ப்யூட்டர் இயங்கிக்கொண்டிருந்திருந்தால் அவன் எத்தனை முறை வந்திருப்பானோ. ஆனால் அவர் தினமும் இரவு ஒன்பதரைக்கு பிளக் பாயிண்ட் ஸ்விட்சையே அணைத்துவிடுவார்.

மின்னஞ்சலில்தான் ஒரு கண்ணி இருந்தது. வங்கியிலிருந்து வரும் கடிதங்களை எல்லாம் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, இன்பாக்ஸிலிருந்து மறைத்துவிடும்படி ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால் இது அப்படியே தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். மகள் அந்த விதியை நீக்கினாள். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்தாள். முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, பிறகு வங்கி பாஸ்வேர்டு என்ற வரிசையில் மாற்றினாள். வங்கியின் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்க உதவுவது பெரும்பாலும் மின்னஞ்சல்தான் என்பதால், அந்தப் பூட்டுதான் முதலில்.

டெபிட் கார்டின் பின்பக்கம் இருந்த வங்கி எண்ணுக்கு அழைத்து கார்டை முடக்கினார்கள். பிறகு 1930 என்ற எண். இணையப் பண மோசடிகளுக்காக இந்தியா முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. பணம் போன உடனே அழைத்தால், அது கைமாறிக் கைமாறிப் போவதற்குள் இடையில் எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. 18 நாள் கழித்து அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் புகார் முக்கியம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, தேங்காய் துருவும் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"நாலாயிரத்து எழுநூறுதானே?" என்றார் அவர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எவ்வளவுன்னு இப்பதான் தெரியும். ஏதோ நடந்திருக்குன்னு அன்னிக்கே தெரியும். ரசத்துல உப்பு போட மறந்துட்டேன், ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டுட்டு எழுந்து போனீங்க."

இரண்டு காவல்காரர்கள், ஒரு வாசல்

மதியத்துக்கு மேல் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பமானது. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால், மகள் ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது.

"ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா ரெட்டைப் பாதுகாப்புதானே?"

இல்லை. ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போது இரண்டும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்துச் சோதிக்கப் பார்க்கும். ஒன்று செய்வதை இன்னொன்று சந்தேகப்படும். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது போல. கம்ப்யூட்டர் ஊர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. வீட்டில் முன்பிருந்தே இருந்த, காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் பச்சை நிறத்தில்தான் இருந்தது. ஆனால் அது எதையுமே பிடிக்கவில்லை. மகள் அதன் 'விலக்குப் பட்டியலை' திறந்து பார்த்தாள். இந்தக் கோப்பைச் சோதிக்க வேண்டாம் என்று நாம் சொல்லிவைக்கும் பட்டியல் அது. அதில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. காவல்காரரை வேலையை விட்டு அனுப்பாமல், வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆன்டிவைரஸ் இருந்தும் தொல்லை தீரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

இரண்டையும் நீக்கினாள். சில ஆன்டிவைரஸ்கள் சாதாரணமாக நீக்கினால் வேர் விட்டுவிட்டுப் போகும். அந்த வேரையும் எடுக்க, பெரும்பாலான நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியை அவர்களுடைய இணையதளத்திலேயே கொடுக்கிறார்கள். தன் மடிக்கணினியில் அதைத் தரவிறக்கி பென்டிரைவில் கொண்டுவந்தாள்.

வேறு ஆன்டிவைரஸ் எதுவும் இல்லை என்று தெரிந்ததும், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. இதற்கும் ஒரு கதை உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2004 டிசம்பரில் ஜெயன்ட் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கி, அவர்களுடைய ஸ்பைவேர் ஒழிப்பு மென்பொருளை மறு மாதமே தன் பெயரில் சோதனைக்கு வெளியிட்டது. உளவு மென்பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அது, 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் முழு ஆன்டிவைரஸாகவே வருகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு, அதை அணைக்காமல், அப்டேட்டாக வைத்திருந்தாலே பெரும்பாலும் போதும்.

அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை செய்யும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் உளவு மென்பொருளுக்கு அங்கே ஒளிய இடம் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும். ஆனது. இரண்டு கோப்புகளைப் பிடித்தது. இரண்டாவது கருத்துக்கு வேறொரு டாக்டரிடம் போவது போல, மால்வேர்பைட்ஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பையும் ஒருமுறை ஓட்டினாள். கூப்பன் டூல்பாரின் மிச்சம் மீதிகள் அதில் வந்தன.

'5 வைரஸ்கள்' என்று எட்டிப் பார்த்த சிவப்புப் பெட்டி மட்டும் அப்போதும் வந்தது. அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டபோது அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் விளம்பரம் அனுப்பிக்கொண்டே இருந்தது. ப்ரவுசரின் செட்டிங்ஸில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலுக்குப் போய்த் தெரியாத பெயர்களை நீக்கியதும் நின்றுவிட்டது. எந்த ஆன்டிவைரஸும் இதைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் கதவைத் திறந்துவிட்டவர் வீட்டுக்காரர். தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும் எடுத்துவிட்டு, முகப்புப் பக்கத்தைப் பழையபடி வைத்தாள்.

மாலை ஐந்து மணி. கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் தயாரானது. அவர் கேட்டார்:

"இப்ப முழுசா சுத்தமாயிடுச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட மகளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் 26 நிமிடம் ஒருவன் தன் கையாலேயே இயக்கிய கம்ப்யூட்டர் அது. எங்கே எதை ஒளித்துவைத்தான் என்று எந்த ஸ்கேனும் நூறு சதவீதம் சொல்ல முடியாது.

"தெரியலப்பா. ஏறக்குறைய சுத்தம். ஆனா அதுல நீங்க பேங்க் கணக்கைத் திறக்கறதா இருந்தா, 'ஏறக்குறைய' போதாது."

அவர் தலையசைத்தார். "கேஷ் கவுன்ட்டர்ல ஏறக்குறைய டேலி ஆகுதுன்னு யாரும் வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

நாற்பது பக்கம்

எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது என்று முடிவானது. அதற்கு முன்னால் எதை எடுத்துவைப்பது என்று பார்க்க வேண்டும். புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குகள் மட்டும். நிறுவும் மென்பொருள்கள் எதுவும் கூடாது. நோயும் அவற்றோடு கூடவே வந்துவிடலாம். எடுத்ததையும் ஒருமுறை ஸ்கேன் செய்துதான் திரும்ப வைக்க வேண்டும்.

தேடும்போது 'அம்மா' என்று பெயரிட்ட ஒரு கோப்பு வந்தது. மகள் திறந்தாள். அவளுடைய அப்பாவின் அம்மா, கடைசி இரண்டு வருடங்களில் படுத்த படுக்கையாக இருந்தபோது சொன்னதை எல்லாம் அவர் தட்டி வைத்திருந்தார். எந்த வருடம் காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தது, யார் கல்யாணத்துக்கு எத்தனை நாள் சமையல், பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன மருந்து அரைத்துக் கொடுப்பது. மொத்தம் நாற்பது பக்கம். வேறெங்கும் பிரதி இல்லை. கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை வைரஸ் ஒன்று அன்று வந்திருந்தால், 7 லட்சத்தை விடவும் இதுதான் திரும்பக் கிடைக்காமல் போயிருக்கும்.

அதை பென்டிரைவில் போட்டு மடிக்கணினியில் திறந்து பார்த்தால், எல்லாம் கிறுக்கல். யுனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. எழுத்துரு இல்லாமல் கோப்பை மட்டும் எடுத்துவைத்தால் பயனில்லை. பழைய கோப்புகள் வைத்திருக்கும் பலருக்கும் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகுதான் இது தெரிய வரும். எழுத்துருக் கோப்பையும் எடுத்துக்கொண்டாள். அதற்கும் மேலாக, அந்த நாற்பது பக்கத்தையும் பி.டி.எஃப்.ஆக மாற்றினாள். ஒன்று பென்டிரைவில், ஒன்று தன் மடிக்கணினியில், ஒன்று கடைத்தெருவில் கொடுத்து அச்சிட்டு பீரோவில்.

அச்சு எடுக்கப் போன இடத்துக்குப் பக்கத்து வாட்ச் கடையில், 40 ரூபாய்க்கு ஒரு பேட்டரியும் வாங்கினார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். பெயர் சி.ஆர். 2032. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

எல்லாம் ஆரம்பித்தது இதனால்தான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வராத நேரத்திலும் தேதியை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள இந்த பேட்டரி. இது தீர்ந்தால், ஒவ்வொரு முறை ஸ்விட்சை அணைத்துப் போடும்போதும் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2020இல் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் எதுவும் செல்லாது. பக்கம் திறக்காது. ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகாது. அது வைரஸும் இல்லை, ஸ்பைவேரும் இல்லை. வாட்ச் கடையில் தீரும் பிரச்னை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அவரே பேட்டரியை மாட்டினார். விண்டோஸ் புதிதாக ஏறியது. எல்லா அப்டேட்டுகளும் முடிந்ததும், மகள் ஒரு வேடிக்கை காட்டினாள். ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட வெறும் வரி, எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் இதைப் பார்த்தால் வைரஸைப் பார்த்தது போலக் கத்த வேண்டும் என்பது ஆன்டிவைரஸ்காரர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அதைச் சேமித்த நொடியில் டிஃபெண்டர் எச்சரித்தது.

அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். "நோட்டு எண்ற மிஷின்ல தெரிஞ்சே ஒரு கள்ள நோட்டை விட்டுப் பாப்போம். அது நின்னுச்சுன்னாதான் மத்த நோட்டை நம்புவோம். அதே கணக்கு" என்றார்.

ஒரு வார்த்தை போதும்

ஞாயிறு இரவு பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், கம்ப்யூட்டர் மேஜையில் ஒரு தாளை ஒட்டினார்கள். அவருடைய கையெழுத்து, பேரேட்டில் எழுதுவது போல வரிசை எண் போட்டு:

1. எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அது பொய். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் வராது.
2. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுக்கக் கூடாது. வாங்கிய பெட்டியில், பில்லில், கார்டின் பின்னால் இருப்பதுதான் நம்பர்.
3. யார் சொன்னாலும் மவுஸை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது.
4. பணம் போனால் உடனே 1930. வெட்கம் அப்புறம்.

நான்காவதில் இருந்த 'வெட்கம் அப்புறம்' என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே எழுதியது.

மகள் ஐந்தாவதாக ஒன்று சொன்னாள். அதைத் தாளில் எழுதவில்லை. "மெசேஜ்ல 'கம்ப்யூட்டர்'னு ஒரே ஒரு வார்த்தை போடுங்கப்பா. மீட்டிங்ல இருந்தாலும் வெளிய வந்து கூப்பிடறேன். அன்னிக்கு நான் எடுத்திருந்தா, தேதியை மாத்துங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

"நீ எடுக்கலேங்கறதுக்காக நான் ஏமாறலம்மா."

"தெரியும். ஆனா எடுத்திருக்கலாம்."

அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பழக்கப்படி எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்தார். பிளக் பாயிண்ட் ஸ்விட்சில் கை வைத்தவர், ஒரு நிமிடம் தயங்கினார்.

"இதை இப்படி அணைச்சு அணைச்சுதானே பேட்டரி சீக்கிரம் போச்சுன்னு சொன்ன? இனிமே அணைக்க வேணாமா?"

மின்சாரம் இருக்கும்வரை அந்த பேட்டரிக்கு வேலை குறைவு. ஒவ்வொரு இரவும் சுத்தமாக அணைத்தால் அது சீக்கிரம் தீரும். அவள்தான் காலையில் அப்படிச் சொல்லியிருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டே அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அணைங்கப்பா. பேட்டரி நாப்பது ரூபாதான்."